வங்கக் கடலில் தாழமுக்கம், மலையில் மழை: சித்திரை முதல் ஆடி வரை மலையக வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

"தாழமுக்கம் வலுவிழந்து விலகிச் செல்கிறது" என்று வானொலியில் கேட்டதும் கரையோரத்தில் இருப்பவர்கள் மூச்சு விடலாம். மலையகத்தில் அப்படி விட முடியாது. தரை ஏறிய சூறாவளி முதலில் இழப்பது காற்றின் வேகத்தை. அது சுமந்து வரும் ஈரம் அதற்குப் பிறகும் நாட்கணக்கில் தங்கும். அந்த ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, ஒரே சரிவில் மணிக்கணக்காகக் கொட்டித் தீர்க்கும்.

சூறாவளியாக வளர்வதற்கு முன்பும் இதே கதைதான். 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அந்த மழையைக் கொண்டுவந்த தாழமுக்கத்துக்கு 'ரோனு' என்று பெயர் வைக்கப்பட்டது 19ஆம் திகதி. 2017 மே 25, 26ஆம் திகதிகளில் களுத்துறை, இரத்தினபுரி, மாத்தறைப் பக்கங்களை வெள்ளமும் மண்சரிவும் அழித்தன. 'மோரா' சூறாவளியாகப் பெயர் பெற்றது அதற்குப் பிறகுதான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயன்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போன காலையில் இலங்கைக்கு அருகே சூறாவளி என்று ஒன்றுமே இல்லை. பருவ இடைமழை மட்டுமே. ஆகவே பெயர் வைத்துவிட்டார்களா, எத்தனை கிலோமீற்றர் வேகம் என்று பார்த்துக்கொண்டிருப்பது மலைக்கு உதவாது. நம் சரிவில் எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறது, இன்னும் எவ்வளவு இறங்கப் போகிறது, இருட்டுவதற்கு முன் எங்கே போய்ச் சேரலாம் என்ற மூன்றுமே பார்க்கப்பட வேண்டியவை. கீழே வருவதெல்லாம் இந்த மூன்றுக்குமானது.

முதல் படி: உங்கள் மலை எந்தக் காற்றுக்கு முகம் கொடுக்கிறது?

மார்ச், ஏப்ரலில் காலை வெயில், பிற்பகல் இடியோடு மழை. மே மூன்றாம், நான்காம் வாரங்களில் தென்மேல் பருவக்காற்று வந்து செப்டெம்பர் வரை நிற்கும். இந்த இரண்டும் கைமாறும் மே மாதம்தான் ஆபத்தானது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் அது தென்மேல் காற்றை நாட்டின் குறுக்காக வேகமாக இழுக்கும். அந்தக் காற்று முதலில் மோதுவது மேற்குச் சரிவுகளில்: கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, ஹட்டன், நாவலப்பிட்டி, யட்டியாந்தோட்டை, தெரணியகல.

அதே நாளில் மலைத்தொடரைத் தாண்டிய பண்டாரவளை, வெலிமடை, பசறைப் பக்கம் மழையே இல்லாமல் வறண்ட காற்று மட்டும் அடிக்கலாம். ஊவாவில் கச்சான் காற்று என்று சொல்வது இதையே. எனவே மே, ஜூன் மாதத் தாழமுக்கம் என்றால் ஊவாக்காரர் முதலில் கவனிக்க வேண்டியது கூரையும் மரமும். மேற்குச் சரிவுக்காரர் கவனிக்க வேண்டியது கானும் (வடிகாலும்) மண்ணும். ஒக்டோபருக்குப் பின் நிலைமை தலைகீழ்: கிழக்கிலிருந்து வரும் தாழமுக்கம் பதுளை, ஹப்புத்தளை, வலப்பனை, ஹேவாஹெட்டைச் சரிவுகளை நனைக்கும்.

ஒரு விதியை நினைவில் வைத்தால் வரைபடத்தை நீங்களே படிக்கலாம். நம் பாகத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், ஓடும். மையம் நாட்டுக்கு வடக்கிலோ வடகிழக்கிலோ இருந்தால் மேற்குச் சரிவுகளில் மழை. மையம் தெற்கிலோ தென்கிழக்கிலோ இருந்தால் கிழக்குச் சரிவுகளில். மையம் நாட்டின் மேலேயே நகர்ந்தால் காற்று திசை மாறி இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து நனைக்கும். "நம்ம பக்கம் விட்டுட்டுது" என்று மூட்டையை அவிழ்ப்பது அந்த மாதிரி நாளில்தான் பெரிய தவறாகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டின் மீதே நகர்ந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் எத்தனையோ சரிவுகள் விழுந்தன. விழாமல் வெடிப்பு மட்டும் விட்ட சரிவுகளும் உண்டு. அவை ஆறிவிடவில்லை. உங்கள் தோட்டத்தில் அப்படி ஓர் இடம் இருந்தால், கீழே சொல்லும் அளவுகள் அனைத்தையும் ஒரு படி முன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அறிக்கைகளை எப்படிப் படிப்பது

மலையகத்துக்குத் தேவையான அறிக்கைகள் இரண்டு. மழை எவ்வளவு பெய்யும் என்பதை வளிமண்டலவியல் திணைக்களம் சொல்கிறது. அந்த மழைக்கு எந்த மண் சரியும் என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. பலர் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு வானொலியை அணைத்துவிடுகிறார்கள். மலையில் வாழ்பவர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியமானது.

வானிலை அறிக்கையில் "மத்திய, சப்ரகமுவ மாகாணங்களில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான" என்று வந்தால், "சில இடங்களில்" என்ற சொல்லில் ஆறுதல் தேடாதீர்கள். அந்தச் சில இடங்கள் பெரும்பாலும் காற்றை நேரே வாங்கும் சரிவுகளே. உங்கள் தோட்டம் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

மண்சரிவு அறிக்கை மாவட்டத்தையும் பிரதேச செயலகப் பிரிவையும் குறிப்பிட்டு, எதுவரை செல்லுபடியாகும் என்ற நேரத்துடன் வரும். மூன்று நிறங்கள்:

- மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை இதற்கான அளவு.
- செம்மஞ்சள்: வெளியேறத் தயாராக இருங்கள். 24 மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றர்.
- சிவப்பு: வெளியேறுங்கள். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர்.

உங்கள் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் என்ன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தின் பெயரும் டவுனின் பெயரும் தெரியும், பிரிவின் பெயர் தெரியாது என்பதாலேயே அறிக்கையைக் கேட்டும் "நமக்கில்லை" என்று இருந்துவிடுவது நடக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக் கதவின் பின்புறம் எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, மின்சாரக் கோளாறுக்கு 1987.

போனில் விண்டி போன்ற காற்று வரைபடம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தரைமட்டக் காற்றைப் பார்க்காமல், 850 எச்பிஏ (hPa) என்ற காற்றழுத்த மட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். அது ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரம். ஹட்டன், ஹப்புத்தளை மலைகளில் மோதும் காற்று அங்கே தெரியும். அந்த மட்டத்தில் காற்று ஒரே திசையிலிருந்து 24 மணித்தியாலத்துக்கு மேல் பலமாகத் தொடர்ந்தால் அந்தத் திசைச் சரிவில் மழை நிற்காது. மழை அளவைக் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நல்ல கணினி மாதிரியும் நாட்டை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சதுரங்களாகத்தான் பார்க்கிறது. அதற்குள் நம் மலை முகடும் பள்ளத்தாக்கும் ஒன்றாய்த் தட்டையாகிவிடும். அதனால் மோதும் சரிவில் உண்மையான மழை அந்த எண்ணைத் தாண்டிப் போவது சாதாரணம்.

மூன்றாம் படி: மழையை நீங்களே அளவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் 40 மில்லிமீற்றர், அந்தப் பக்கம் 140 மில்லிமீற்றர் பெய்வது மலையில் நடப்பதுதான். நகரத்து அளவுமானி உங்கள் லயனுக்குப் பின்னாலுள்ள சரிவைப் பற்றி எதுவும் சொல்லாது.

தேவையானவை: பக்கங்கள் நேராகவும் வழுவழுப்பாகவும் உள்ள ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் (இடுப்பு ஒடுங்கிய சோடாப் போத்தல் வேண்டாம்), கைப்பிடி கூழாங்கல், அடிமட்டம், நிறமுள்ள இன்சுலேஷன் டேப்.

1. போத்தலின் தோள் சரியத் தொடங்கும் இடத்தில் சுற்றி வெட்டுங்கள். வெட்டிய மேற்பகுதியை மூடி இல்லாமல் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் ஆகிவிடும்.
2. போத்தலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். அங்கே கூழாங்கல் போட்டு, கல் மூழ்கி, பக்கங்கள் நேராகும் இடம் வரை தண்ணீர் விடுங்கள். அந்த மட்டம்தான் பூச்சியம். அங்கே ஒரு டேப்.
3. பூச்சியத்திலிருந்து 75 மில்லிமீற்றரில் மஞ்சள், 100இல் செம்மஞ்சள், 150இல் சிவப்பு டேப். செங்குத்தாக அளந்து ஒட்டுங்கள்.
4. திறந்த வெளியில் முழங்கால் உயரக் கம்பில் கட்டுங்கள். கூரையோ மரமோ 4 மீற்றர் உயரம் என்றால் அதிலிருந்து 8 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும்.

வாய் அகலமும் உடல் அகலமும் ஒன்றாக இருப்பதால் நிற்கும் தண்ணீரின் உயரமே மழையின் அளவு. நேரான பால்மா டின்னும் இதற்குப் போதும். அடிமட்டத்தை விட்டுப் பார்க்கலாம்.

பிழைகள் வரும் இடங்கள்: கூரை விளிம்புக்கருகே வைத்தால் சொட்டும் தண்ணீரும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். மரத்தடியில் குறைவாகக் காட்டும். தரையில் வைத்தால் தெறிக்கும் சேறு ஏறும். வெயிலில் பூச்சியத் தண்ணீர் வற்றிவிடும். மழைக்கு முன் மட்டத்தைச் சரிபாருங்கள்.

இவையெல்லாம் சிறியவை. பெரிய பிழை கணக்கில் வருகிறது. திணைக்களத்து மழைநாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடிகிறது. தோட்டத்து ஸ்டோரிலும் காலையில்தான் மழையைக் குறித்துக் கொட்டுவார்கள். 8.30க்குப் போத்தலைக் கொட்டியதும் மண்ணும் காலியாகிவிட்டதாக நினைத்துவிடுகிறோம். மண்ணுக்குள் நேற்றைய தண்ணீர் அப்படியே இருக்கிறது. எனவே கனமழை நாட்களில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை நேரத்தோடு குறியுங்கள். கொட்டினாலும் கொட்டிய அளவை எழுதுங்கள். முடிவெடுக்கும்போது கடைசி எட்டுக் குறிப்புகளைக் கூட்டுங்கள். அதுதான் உண்மையான 24 மணித்தியாலம். அடைமழையாகத் தெரிந்தால் அரை மணித்தியாலத்தில் பாருங்கள். 35 மில்லிமீற்றரைத் தாண்டியிருந்தால் அது சிவப்பு அளவை நோக்கிப் போகிறது, மணித்தியாலம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

தோட்டத்தில் இந்தக் கணக்கைச் சொல்ல ஏற்ற இடம் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். காலையில் எல்லோரும் கூடும்போது நேற்றுப் பகல், இரவு அளவுகளைச் சத்தமாகச் சொல்லட்டும். மலைக்குப் போவதா, எந்த மலைக்குப் போகக்கூடாது, பிள்ளை மடுவத்தை (குழந்தைக் காப்பகத்தை) திறப்பதா என்பதை அந்த எண்ணை வைத்துப் பேசலாம்.

நான்காம் படி: மழைக்கு மூன்று, நான்கு நாள் முன்

தாழமுக்கம் உருவாகலாம் என்ற முதல் செய்தி பொதுவாகச் சில நாட்களுக்கு முன்பே வந்துவிடும். கானைத் துப்பரவாக்க அதுவே நேரம். மழை தொடங்கிய பிறகு மண்வெட்டியோடு சரிவின் அடியில் நிற்பது உயிராபத்து.

தண்ணீரின் அளவை உணர ஒரு கணக்கு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 30 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலமுள்ள லயன் கூரை 180 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழைக்கு அந்தக் கூரையிலிருந்து மட்டும் 18,000 லீற்றர் இறங்கும். பாதி பின்பக்கம் விழுந்தால் 9,000 லீற்றர், அதாவது 45 பீப்பாய், வெட்டிய மண்மேட்டின் அடியில் போய்ச் சேர்கிறது. மேட்டின் அடி இளகினால் மேலே உள்ளது தாங்காது. பின்பக்கக் கூரைக்குப் பீலித் தகரம் இல்லாத லயன்களில் இதுதான் முதல் வேலை: தகரமோ பிளாஸ்டிக் குழாயோ கட்டி, தண்ணீரை லயனின் இரு முனைகளுக்கும் கொண்டுபோய் உறுதியான கானில் விடுங்கள்.

கான் வேலையை மேலிருந்து கீழாக அல்லாமல், கீழிருந்து மேலாகச் செய்யுங்கள். முதலில் கான் போய் விழும் இடம் திறந்திருக்க வேண்டும். கீழே அடைத்திருக்க மேலே துப்பரவாக்கினால் தண்ணீரெல்லாம் நடுவில் பொங்கிச் சரிவுக்குள் இறங்கும். கவ்வாத்து வெட்டிய மிலாறு (தேயிலைக் குச்சி), உரப்பை, பொலித்தீன் ஆகியவையே அதிகமாய் அடைப்பவை. தேயிலை மலையின் குறுக்குக் கான் எங்கே திறக்கிறது என்று நடந்தே பாருங்கள். அது கீழ் லயனின் தலைக்கு மேல் திறந்தால் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். லயனுக்கு மேலே மரக்கறித் தோட்டம் போட்டிருந்தால் பாத்திகளில் தண்ணீர் தேங்காமல் வெட்டிவிடுங்கள். மேட்டில் குழி தோண்டாதீர்கள். குடிநீர்க் குழாய் கசிந்து மண்ணுக்குள் இறங்கினால் உடனே அடையுங்கள். வெயில் காலம் முழுவதும் ஒழுகும் ஒரு குழாய், மழைக்கு முன்பே அந்த இடத்தை ஊறவைத்திருக்கும்.

கூரைத் தகரத்தின் மேல் கல்லும் மணல் மூட்டையும் வைக்கும் வழக்கம் உண்டு. காற்று கூரையைத் தூக்குவது விளிம்பிலிருந்து. கல் நடுவில் இருந்து பயனில்லை, உருண்டு விழுந்தால் மண்டையை உடைக்கும். விளிம்புச் சலாகையைச் சுவரோடு இரட்டைக் கட்டுக் கம்பியால் முறுக்கிக் கட்டுவது மேல். வீட்டுக்கு மேல் சாயும் சவுக்கு, யூக்கலிப்டஸ் மரங்களின் கிளைகளைக் குறைக்கத் தோட்ட அலுவலகத்தில் இப்போதே சொல்லுங்கள். வேரோடு பிடுங்க வேண்டாம். சரிவில் வேர் போன குழி தண்ணீருக்கு வாசலாகிவிடும்.

சித்திரை இடிமழைக்கும் ஒரு வார்த்தை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 செக்கனுக்குக் குறைவானால் கொழுந்து மலையிலிருந்து இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடத்துக்குப் பிறகே திரும்ப வேண்டும். தனிமரத்தடி ஒதுங்குமிடம் அல்ல.

ஐந்தாம் படி: வெடிப்பைக் கண்காணிப்பது

சரிவின் மேல்பக்கத்தில் பிறை வடிவில் நிலம் வெடித்திருந்தால் அதுதான் மிகவும் கவலைக்குரியது. வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, முளைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை மில்லிமீற்றரில் எழுதுங்கள். சுவர் வெடிப்பானால் குறுக்கே கடதாசித் துண்டை முழுவதும் பசை பூசி ஒட்டித் திகதி எழுதுங்கள். கிழிந்தால் வெடிப்பு நகர்கிறது. காலையும் மாலையும் பார்த்தால் போதும். நில வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து, மேலே பொலித்தீன் விரித்து ஓரங்களைப் புதையுங்கள். அது வெடிப்பைக் குணப்படுத்தாது. தண்ணீர் நேரே உள்ளே இறங்குவதை மட்டும் குறைக்கும்.

அளக்கும் தூரம் ஒரு நாளில் கூடினாலே கிராம உத்தியோகத்தருக்கும் 117க்கும் சொல்லுங்கள். மழை நின்ற பிறகும் கூடிக்கொண்டே போனால் அந்த வீட்டில் யாரும் தூங்கக்கூடாது.

ஆறாம் படி: மூட்டையும் ஆள் பொறுப்பும்

வெளியேறும் பை ஒன்று, ஒரு கையால் தூக்கும் எடையில் இருக்க வேண்டும். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிப் பத்திரங்கள், பிள்ளைகளின் சுகாதார அட்டைகள் அனைத்தும் இரட்டைப் பொலித்தீனில். பிரஷர், சீனி வருத்த மாத்திரை ஒரு வாரத்துக்கு, அட்டையோடு. டோர்ச், உபரி பற்றரி, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், விசில். ஆளுக்கொரு உலர்ந்த உடுப்பும் கம்பளியும். நனைந்த உடம்போடு 1,500 மீற்றர் உயரத்தில் ஓர் இரவைக் கழிப்பது கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் தாங்காது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் தண்ணீர். ஐந்து பேருக்கு மூன்று நாளென்றால் 60 லீற்றர். இதை மழைக்கு முன் பிடித்து வையுங்கள், ஏனென்றால் ஊற்றுக் குழாய்தான் முதலில் அறுந்து போகும்.

லயன் முழுவதற்கும் ஒரு பட்டியல் வேண்டும்: நடக்க முடியாத தாத்தா எந்தக் காம்பராவில், நிறைமாதக்காரி எந்தக் காம்பராவில், அவர்களைத் தூக்கப் போகும் இரண்டு பேர் யார். விசில் யார் கையில் இருக்கும், அவர் இல்லாவிட்டால் யார். நீண்ட விசில் மூன்று என்றால் எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று முன்பே பேசிவையுங்கள். கரன்ட் போனால் வட்ஸ்அப் குழு வேலை செய்யாது.

ஏழாம் படி: மழை நாளில் முடிவெடுப்பது

உங்கள் போத்தல் மஞ்சளைத் தொட்டால்: பின்பக்கக் காம்பராவில் படுப்பதை நிறுத்துங்கள், மேட்டை ஒட்டிய குசினியைப் பயன்படுத்தாதீர்கள், பையை வாசலுக்கு எடுங்கள். இரவில் ஒருவர் மாறி ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

செம்மஞ்சளைத் தொட்டால்: குழந்தைகள், வயதானவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள் அப்போதே போகட்டும். மூன்று நாளாக மழை ஊறிய மண், பழைய வெடிப்பு, மேட்டடியில் வீடு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் மற்றவர்களும் போகலாம்.

சிவப்பு: வீட்டில் ஒருவரும் இருக்கக்கூடாது.

இந்த அளவுகளுக்குக் குறைவாக இருந்தாலும், பின்வரும் எதையாவது கண்டால் அது சிவப்புக்குச் சமம். நேற்றுவரை திறந்த கதவு இறுகிப்போவது. தரை உப்புவது. மரம், கரன்ட் கம்பம், வேலி சாய்வது. இல்லாத இடத்தில் ஊற்று எழும்புவது, இருந்த ஊற்று சட்டென்று வற்றுவது அல்லது கலங்கி வருவது. மலைக்குள்ளிருந்து உறுமல், வேர் அறுபடும் சத்தம். எல்லாவற்றிலும் மோசமானது, கொட்டும் மழையில் ஓடையில் தண்ணீர் குறைவது. மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை மறித்திருக்கிறது என்று அர்த்தம். அது உடைந்து வரும்போது ஓட நேரம் இருக்காது.

பிற்பகல் நான்கு மணியை முடிவு நேரமாக வையுங்கள். நான்கு மணிக்கு அளவு 75ஐத் தாண்டியிருந்து, இரவிலும் மழை என்று அறிக்கை இருந்தால், சிவப்புக்குக் காத்திராமல் வெளிச்சத்திலேயே போங்கள். இருட்டில், பனியில், கரன்ட் இல்லாமல், வழுக்கும் படியில் ஒரு கிழவியைத் தூக்கிப் போவது எப்படி என்று ஒரு தடவை யோசித்துப் பார்த்தால் போதும். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. நிர்வாகம் சொல்லட்டும், துரை வரட்டும் என்று காத்திருந்து ஓர் உயிர் போனாலும் அதற்கு ஈடு கிடையாது. ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போவது வலிக்கும்தான். அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் போங்கள்.

எட்டாம் படி: எந்த வழியில் இறங்குவது

மண் வரும் பாதை பள்ளம், ஓடை, இரு முகடுகளுக்கு இடையிலுள்ள குழிவு. அதனால் சரிவின் கீழ்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் போய் முகட்டுப் பாதையைப் பிடியுங்கள். அரநாயக்கவில் மண் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் ஓடியது. மலை தூரத்தில்தானே இருக்கிறது என்று குழிவின் வாயில் இருக்கும் வீடுகள் நினைத்துவிடக் கூடாது.

போய்ச் சேரும் இடத்தையும் வெயில் நாளிலேயே பார்த்து வையுங்கள். கோயிலோ பாடசாலையோ என்றாலே பாதுகாப்பு என்று இல்லை. அதன் பின்னாலும் வெட்டிய மேடு இருக்கலாம், அதுவும் ஓடைக்கரையில் இருக்கலாம். போகும் வழியில் எத்தனை ஓடை கடக்க வேண்டும் என்று எண்ணுங்கள். ஒன்றுகூட இல்லாத வழி நீளமானாலும் அதுவே நல்ல வழி. முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரை நடந்து கடக்காதீர்கள்.

காசல்ரீ, மவுஸ்ஸாகலை, கென்யன், லக்ஸபான, நோர்ட்டன் பிரிட்ஜ், மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களுக்குக் கீழே ஆற்றோரம் இருப்பவர்கள் வான்கதவு திறக்கும் அறிவித்தலையும் கேட்க வேண்டும். உங்கள் ஊரில் மழை விட்டிருந்தாலும் மேலே பெய்த தண்ணீர் பிறகே வந்து சேரும்.

பயணம் போக வேண்டாம். கடுகண்ணாவை, கினிகத்தேனை, றம்பொடை, பெரகல-கொஸ்லந்தை, எல்ல-வெல்லவாய ஆகியவை மண்ணும் கல்லும் விழும் வீதிகள். மலையகப் புகையிரதப் பாதையும் இதே மழையில் நின்றுவிடும். கட்டாயம் போக வேண்டியிருந்தால், விழுந்த மண்மேட்டின் பக்கத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்காதீர்கள். ஒரு சரிவு விழுந்த இடத்தில் அடுத்ததும் விழலாம்.

ஒன்பதாம் படி: மழை விட்ட பிறகு

வெயில் வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மேலே ஊறிய தண்ணீர் மண்ணுக்குள் மெதுவாகவே நகர்ந்து சரிவின் அடிக்கு வருகிறது. மழை நின்று ஒன்றிரண்டு நாள் கழிந்து விழும் சரிவுகள் உண்டு. எச்சரிக்கை நீக்கப்பட்டு, பகல் வெளிச்சத்தில், முதலில் இரண்டு பெரியவர்கள் மட்டும் போய் மேட்டையும் வெடிப்பையும் முளைத் தூரத்தையும் பார்க்கட்டும். எதுவும் மாறவில்லை என்றால் மற்றவர்கள்.

தண்ணீர் புகுந்த வீட்டில் மெயின் சுவிட்சைப் போடாதீர்கள். மின்வேலை தெரிந்தவர் பார்த்த பிறகே. அறுந்து கிடக்கும் கம்பியை 1987க்குச் சொல்லுங்கள், தொடாதீர்கள். குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய காம்பராவுக்குள் வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொல்லும்.

ஊற்றுத் தண்ணீர் கலங்கி வந்தால், தெளியவிட்டு, மடித்த துணியில் வடித்து, பொங்கிக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்து ஆறவிடுங்கள். வடிக்காமல் கொதிக்க வைத்தால் சேறு அப்படியே இருக்கும். கொதிக்காமல் வடித்தால் கிருமி அப்படியே இருக்கும். சேற்றில் வேலை செய்பவர் காலில் புண்ணிருந்தால் பூட்ஸ் போடட்டும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கைவைத்தியம் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போய் "சேற்றில் வேலை செய்தேன்" என்று சொல்லுங்கள். முன்தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

சேதத்தைத் துப்பரவாக்குவதற்கு முன் போட்டோ எடுங்கள்: வீட்டின் முன், பின், உள், மேலுள்ள சரிவு. திகதி தெரிய வேண்டும். எழுத்து மூலம் கிராம உத்தியோகத்தருக்கு ஒன்று, தோட்ட அலுவலகத்துக்கு ஒன்று. பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சரிந்த மேட்டை வெட்டித் திரும்பக் குசினி கட்டும் அவசரம் எல்லோருக்கும் வரும். அதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பார்வையிடலைப் பிரதேச செயலகம் வழியாகக் கேளுங்கள். மழைக் குறிப்பும் வெடிப்பு அளவும் எழுதிய கொப்பியை அந்த அதிகாரியிடம் காட்டுங்கள். எந்த நாள், எத்தனை மில்லிமீற்றருக்கு, எவ்வளவு நகர்ந்தது என்ற விபரம் உங்கள் கொப்பியைத் தவிர வேறெங்கும் இருக்காது.